பந்திக் கூடத்துத் திரை

பெரிய திரையில் வருகிறவர்கள் யாரும் நம்மைப் பார்ப்பதில்லை. கல்யாணங்களுக்குத் திரை கட்டிப் பிழைத்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். மாப்பிள்ளை ஐயரைப் பார்ப்பார். பெண் குனிந்து மாலையைப் பார்ப்பாள். பெண்ணின் அம்மா வாசலைப் பார்ப்பார். கேமரா தன் பக்கம் திரும்பியது தெரிந்துவிட்ட சித்தப்பா வேண்டுமென்றே விட்டத்தைப் பார்ப்பார். திரையும் அதே ஹாலில் இருந்துவிட்டால் இன்னும் மோசம். தன் முகம் பெரிதாகத் தெரிகிறதே என்று ஆசையாகத் திரையைப் பார்க்கிறவர், திரையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பார், ஏனென்றால் கேமரா வேறு பக்கம் இருக்கும். கையை ஆட்டிப் பார்ப்பார், தலையைச் சாய்த்துப் பார்ப்பார், கடைசியில் அலுத்துப்போய் உட்கார்ந்துவிடுவார்.

தொண்ணூறுகளில் தாம்பரம், சேலையூர் பக்கத்துக் கல்யாண மண்டபங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி. மாடியில் முகூர்த்தம், கீழே சாப்பாடு. மாடியில் இடம் குறைவு, அழைப்பிதழ் மட்டும் ஊருக்கே போயிருக்கும். இடம் பிடித்தவர்களுக்கும் மணமேடை தெரியாது. வீடியோக்காரர், போட்டோக்காரர், லைட் பிடிக்கிறவர் எல்லாரும் மேடையைச் சுற்றி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் கேமராவிலிருந்து ஒரு கேபிளை ஜன்னல் வழியாகக் கீழே இறக்கி, பந்திக் கூடத்தின் ஒரு கோடியில் எட்டடி அகலத்துக்கு வெள்ளைத் துணி கட்டி, மேலே நடப்பதை அப்போதைக்கப்போதே கீழே காட்டுவது என் தொழில். மேலே போய் மூச்சு முட்ட நின்றவர்களைவிட, கீழே பொங்கலும் வடையுமாக உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் கல்யாணம் நன்றாகத் தெரிந்தது. விஷயம் புரிந்தபிறகு பாதிப் பேர் மாடி ஏறுவதையே விட்டுவிட்டார்கள்.

நான் வைத்திருந்தது பழைய புரொஜெக்டர். முன்னால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குக் கண்கள். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். கேம்ப் ரோட்டில் என் வாடகை அறையிலிருந்து மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன். மண்டபத்தில் இறக்கியதும் முதல் வேலை, மூன்று வண்ணத்தையும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வைப்பது. அது உட்காரவில்லை என்றால் மணப்பெண்ணுக்கு மூன்று மூக்கு. திரை இருக்கிற தூரத்துக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு சரியாக வரும். திரையை ஓரடி முன்னால் நகர்த்தினாலும் மூன்றும் பிரிந்துகொண்டு போய்விடும். மனிதர்களைவிட அந்த மெஷின் மேல். எப்போது பிரியும், எப்படிச் சேரும் என்றாவது தெரிந்தது.

புரொஜெக்டருக்கும் திரைக்கும் நடுவே பன்னிரண்டு அடி தரை காலியாக இருக்க வேண்டும். யாராவது குறுக்கே போனால் அவர் நிழல் திரையில் விழும். இதற்காக இரண்டு நாற்காலியை நிறுத்தி ஒரு கயிறு கட்டுவேன். முகூர்த்தம் வரைக்கும் அந்தக் கயிற்றுக்கு மரியாதை உண்டு. கெட்டிமேளம் கேட்டதோ இல்லையோ, கீழே இருக்கிற அத்தனை பேரும் எழுந்து, கயிற்றைத் தாண்டி, திரைக்கு முன்னால் போய் நின்று அட்சதை போடுவார்கள். ஆமாம், திரை மேல்தான். மாப்பிள்ளையும் பெண்ணும் மாடியில் இருக்கிறார்கள், இது வெறும் துணி என்று தெரியாதவர்கள் இல்லை. வங்கி மேனேஜர் போடுவார், பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் போடுவார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவசரமாகக் கையை உதறிவிட்டு வந்து போடுவார்கள். ஒரு தடவை அட்சதையோடு முந்திரிப்பருப்பும் திரையில் ஒட்டிக்கொண்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தாலி ஏறுகிற நேரத்தில் திரை முழுக்கக் கைகளின் நிழல். எதைக் காட்டுவதற்காக என்னைக் கூப்பிட்டார்களோ அது மட்டும் தெரியாது. போதாக்குறைக்குத் துணியெல்லாம் மஞ்சள் கறை. "உட்காருங்க சார், மறைக்குது. உட்காருங்கம்மா, மறைக்குது" என்று கத்துவேன். என் குரலுக்கு அப்போது கொஞ்சம் பயம் இருந்தது. முன்வரிசை உட்கார்ந்துவிடும். 'ஸ்கிரீன்காரர் சிடுமூஞ்சி, ஆனால் படம் சுத்தமாக இருக்கும்' என்று தாம்பரம் முதல் படப்பை வரைக்கும் பெயர் வாங்கியிருந்தேன்.

சிடுமூஞ்சி என்பது பழைய பெயர்தான். என் மனைவி வைத்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம், எதற்கு என்றுகூட இப்போது ஒழுங்காகச் சொல்ல முடியாத ஒரு சண்டையில், நான் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு வந்தேன். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு நாளில் யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். அவர்களும் இரண்டு நாளில் நானே வந்துவிடுவேன் என்று நினைத்திருக்கிறார்கள். நான்காம் நாள் இரண்டு பக்கமும் கோபம் வந்தது. அதற்குப் பிறகு போவதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, யாரிடமும் அது இல்லை. இப்படியே பதின்மூன்று வருஷம் ஆகும் என்று யாராவது சொல்லியிருந்தால் பெட்டியைத் தூக்கியிருக்க மாட்டேன். தப்பு யார் மேல் என்று அப்போது கேட்டிருந்தால் அவள் பெயரைச் சொல்லியிருப்பேன். இப்போது என் பெயரைச் சொல்வேன்.

தனியாக இருந்தேன், அது கஷ்டமாக இருந்தது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. கல்யாணம் கல்யாணமாகப் போகிறவனுக்குத் தனிமையா என்று கேட்கலாம். ஒரே நாளில் நானூறு முகம் பார்த்துவிட்டு, யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாமல் வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்து பார்த்தால் தெரியும். வேலை இல்லாத சாயங்காலங்களில் மெஷினைச் சும்மா போடக் கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, தூர்தர்ஷனைச் சுவரில் காட்டுவேன். செய்தி வாசிக்கிற அம்மா சுவர் முழுக்க வந்து உட்காருவார். அவர் ஒருவர்தான் நேராகப் பார்ப்பார். நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவேன். வணக்கம் என்பார். சில நாள் நானும் வணக்கம் சொல்லியிருக்கிறேன்.

மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கியபிறகு, அவள் அம்மாவுக்குச் சொல்லியும் சொல்லாமலும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவாள். ஒரு நாள் நான் செய்தி பார்த்துக்கொண்டு சாப்பிடுகிற நேரத்தில் வந்துவிட்டாள். சுவரைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஏன் டிவிக்கு இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டாள். இவராவது என்னைப் பார்க்கிறாரே என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவள் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தியும் அவள் வாயாலேயே வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. மாப்பிள்ளை வீட்டில், பெண்ணின் அப்பா வடக்கே வேலையில் இருக்கிறார், லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். பிரிந்து இருக்கிறோம் என்று சொன்னால் சம்பந்தம் கலைந்துவிடும் என்று பயம். மேடையில் உட்கார்ந்து தாரை வார்த்துக்கொடுக்கப் போவது அவள் தாய்மாமாவும் மாமியும். நான் வந்து நின்றால், தான் மேடை ஏற மாட்டேன் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். மகள் இதையெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் வடக்கே எந்த ஊரில் இருக்கிறேனாம் என்று மட்டும் கேட்டேன். அது முடிவாகவில்லை என்றாள்.

பிறகு கைப்பையிலிருந்து பத்திரிகையை எடுத்தாள். தட்டில் வைத்து நீட்டவில்லை. மண்டபத்தின் பெயரை விரலால் காட்டினாள். சேலையூரில் நான் பலமுறை திரை கட்டிய மண்டபம்தான்.

"ஸ்கிரீன் வேணும்னு மாமாகிட்ட பிடிவாதம் பிடிச்சேன். யாரு ஸ்கிரீன்னும் சொல்லிட்டேன். நீ கீழ இருப்ப. அங்க இருக்கக் கூடாதுன்னு யாரும் சொல்ல முடியாது."

நான் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"தாலி கட்டும்போது நான் குனிய மாட்டேம்பா. கேபிள் போட்ட கேமரா எதுன்னு பாத்து வெச்சிக்கிட்டு நேரா அதைப் பாப்பேன். உன் நியூஸ் அம்மா மாதிரி. நீ கீழ இருந்து என்னைப் பாரு."

அன்றிலிருந்து முகூர்த்த நாள் வரைக்கும் எனக்கு வேறு நினைப்பு இல்லை. திரையைத் துவைத்தேன். மஞ்சள் கறை போகவில்லை என்று புதுத் துணி வாங்கித் தைத்தேன். மூன்று கண்களையும் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். என் மகள் என்னைப் பார்க்கப் போகிறாள். அரை நிமிஷமோ கால் நிமிஷமோ, அது எனக்கு வேண்டும். அதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று இருந்தேன்.

அன்று விடிந்ததுமே மண்டபத்தில் இருந்தேன். கேபிளை இறக்கி, வண்ணங்களைச் சேர்த்து, கயிற்றை ஒன்றுக்கு இரண்டாகக் கட்டினேன். மனைவியின் அண்ணன் சமையல்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு என் பக்கம் வந்தார். பதின்மூன்று வருஷத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது. பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ரெடியா சார் என்று சத்தமாகக் கேட்டார். ரெடி சார் என்றேன். அவர்கள் நகர்ந்தபிறகு, ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். பிரித்துப் பார்க்காமலே தெரிந்தது, அட்சதை. தட்டு கீழே வர நேரமாகும் என்று பொட்டலமாகக் கட்டி எடுத்து வந்திருக்கிறார்.

"மேல மட்டும் வந்துடாதீங்க மாப்ள" என்றார். கெஞ்சுகிற குரல். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது.

திரையில் கல்யாணம் தொடங்கியது. என் மனைவியைப் பார்த்தேன். எட்டடி அகலத்தில், பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு. கண்ணாடி போட்டிருந்தாள். அவள் வழக்கம்போல வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாப் பெண்ணின் அம்மாக்களும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் யாரைத் தேடுகிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். தாய்மாமாவின் கை மேல் மகளின் கை, அதன் மேல் தண்ணீர். அந்த இடத்தில் இருக்க வேண்டியது என் கை. நான் புரொஜெக்டரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அது சூடாக இருந்தது.

ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். மகள் நிமிர்ந்தாள். அவள் கண் இடது பக்கம் போயிற்று, வலது பக்கம் வந்தது. கேமராவைத் தேடுகிறாள் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. அதே நேரத்தில் கெட்டிமேளம்.

பந்திக் கூடம் மொத்தமும் எழுந்தது. சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்கள், எச்சில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இடது கையால் போடலாமா என்று யோசித்தவர்கள், எல்லாரும் இரண்டு கயிற்றையும் தாண்டித் திரைக்கு முன்னால் போய் நின்றார்கள். திரை கறுப்பாகிவிட்டது. கைகள், கைகள்.

உட்காருங்க சார் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஒரு குரல் போதும், உட்கார்ந்திருப்பார்கள். அப்போதுதான் உறைத்தது, இவர்கள் அட்சதை போடுவது என் மகளுக்கு. மேலே நான் போடக் கூடாது. இத்தனை பேர் போடுகிறார்கள், நானே நிறுத்து என்று சொல்வதா? வாயை மூடிக்கொண்டேன். என் தொழிலில் அதுதான் முதல் தடவை.

எனக்கு நேர் எதிரே, நாலடி தூரத்தில், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரிய மனிதர் திரையை மறைத்துக்கொண்டு நின்றிருந்தார். திரையில் விழ வேண்டிய படம் அவர் முதுகில் விழுந்தது. அதில் ஒரு கண் தெரிந்தது. மங்கலாக, சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று, நீலத்தில் ஒன்று என்று மூன்றாகப் பிரிந்து. விடியற்காலையில் அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததெல்லாம் திரைக்குத்தான், சட்டைக்கு இல்லை. ஆனால் அது அவள் கண்தான், அது நேராகத்தான் பார்த்தது. பொட்டலத்தைப் பிரித்து மொத்த அட்சதையையும் அந்த முதுகின் மேல் போட்டேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தான்தான் தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

"மறைக்கிறேனா சார்?"

"இல்ல சார். நீங்க அப்படியே நில்லுங்க."

அவர் நிற்கவில்லை. சங்கடப்பட்டு ஓரமாக ஒதுங்கிவிட்டார். கூட்டமும் கலைந்தது. திரை முழுசாக வெள்ளையும் வண்ணமுமாகத் திரும்பி வந்தபோது தாலி ஏறியிருந்தது, என் மகள் குனிந்து மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் கீழே வந்தார்கள். நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மாமியாரும் நாத்தனாரும் இரண்டு பக்கமும் வர, அவள் என் அருகில் வந்தபோது நின்றாள். மாப்பிள்ளையிடம், இவர்தான் கீழே காட்டியவர் என்று சொன்னாள். அவர் நல்ல மனிதர், எனக்கு வணக்கம் சொன்னார்.

"படம் நல்லா தெரிஞ்சுதா சார்?" என்று கேட்டாள்.

"நல்லா தெரிஞ்சுதும்மா."

வயதான எந்த ஆளும் எந்தப் பெண்ணையும் அம்மா என்று கூப்பிடலாம். ஒருவரும் கவனிக்கவில்லை. அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இருந்தாலும் ஒரு நம்பிக்கை வைத்திருந்தேன். கேமராவில் கேசட் ஓடியிருக்கும் இல்லையா? சில வாரம் கழித்து மகள் ஒரு பிரதி அனுப்பினாள். கதவைச் சாத்தி, சுவரில் போட்டேன். தாய்மாமா தாரை வார்த்தார், ஐயர் தாலியை எடுத்தார், மகள் நிமிர்ந்தாள். உடனே இரண்டு பக்கமும் கோயில் மணிகள் வந்து ஆடத் தொடங்கின. நடுவே ஒரு தாமரை மலர்ந்து சுவர் முழுக்க நிறைந்தது. அது மறுபடி கூம்பியபோது அவள் குனிந்திருந்தாள்.

வீடியோக்காரரைத் தேடிக்கொண்டு பஸ் பிடித்துப் போனேன். பழைய பழக்கம், என்னிடம் மரியாதையாகத்தான் இருப்பார்.

"இன்னா சார் பண்றது? தாலி கட்ற நேரத்துல பொண்ணு கேமராவையே மொறச்சிப் பாத்துகினு கீது. வூட்ல பாத்தா நல்லா இருக்காதேன்னு மணி போட்டு மூடிட்டேன்" என்றார். எடுத்த கேசட் எங்கே என்று கேட்டேன். அதன் மேல் அடுத்த கல்யாணத்தை எடுத்தாகிவிட்டது. அவரைத் திட்டவில்லை. ஊரில் எல்லாரும் செய்கிறதைத்தான் அவரும் செய்திருந்தார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நெடுநேரம் நின்றேன். இரண்டு பஸ் போன பிறகுதான் ஏற வேண்டும் என்று தோன்றியது.

வருஷங்கள் போயின. புரொஜெக்டர் பழுதாகி, உதிரி கிடைக்காமல் பழைய சாமான்காரரிடம் போனது. அவளுக்குக் குழந்தைகள் பிறந்து, பெரிய பொய்யெல்லாம் மெல்லக் கரைந்து, நான் எந்த ஊரிலிருந்தும் லீவு போடாமல் அவள் வீட்டுக்குப் போய்வர முடிகிற காலமும் வந்தது. மனைவி இருக்கும் நாட்களில் போக மாட்டேன். அதை யாரும் சொல்லவில்லை, நானே வைத்துக்கொண்டது.

ஒரு மத்தியானம் அவள் காய் நறுக்கிக்கொண்டே அந்தக் கேசட்டைப் பற்றிப் பேசினாள். மணியும் தாமரையும் வருகிற இடத்தைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்போ நான் சிரிச்சேனா, அழுதேனாப்பா? எனக்கே ஞாபகம் இல்ல. மேல யாரும் என் மூஞ்சியைப் பாக்கல, எல்லாரும் தாலியைத்தான் பாத்தாங்க. நீ ஒருத்தன்தான் பாத்த."

நாலடி தூரத்து வெள்ளைச் சட்டை எனக்கு நினைவுக்கு வந்தது. அதில் ஒரு கண்தான் இருந்தது. வாய் இல்லை.

சிரித்தாய் என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது, மறுபடி காய் நறுக்கத் தொடங்கினாள்.